தரம் பத்து எஃப் வகுப்புப் பறவைகள்

1

என் பறவைகள் ஏன் நூறோடு நின்றுவிடுகின்றன என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மிக மரியாதையான கடிதம். நோர்வேக்காரர் ஆளை வெட்டி விழுத்துவதென்றாலும் முதலில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவார்கள். நான் இந்த நாட்டில் வந்திறங்கிச் சரியாக ஒரு வருடம் முடிந்த அன்று காலை அது மின்னஞ்சலில் வந்தது.

விசயம் இதுதான். இங்கே முதுமாணிப் பட்டத்துக்கு நான் எழுதும் ஆய்வில் இரண்டு பகுதி. ஒன்று, இந்த ஊர்க் கரையில் எண்ணிய பறவைகள். மற்றது, ஊரை விட்டு வரமுன் இரண்டு மாரிகாலம் கிண்ணியாப் பாதையில் போகவர எண்ணியவை. பாதை என்றால் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு குடாவின் வாயைக் கடக்கிற அந்தத் தட்டைப் படகுதான். உங்களுக்குத் தெரியும். இங்கே அதை விளக்க எனக்கு ஒரு பக்கம் பிடித்தது.

என் ஆய்வைப் பார்க்கும் குழுவில் மூன்று பேர். அவர்கள் அந்த இரண்டாவது பகுதியை வரைபாக்கிப் பார்த்திருக்கிறார்கள். பெரிய கூட்டம் வந்த நாளெல்லாம் அச்சொட்டாக நூறு. நூற்றொன்று ஒருநாளும் இல்லை. உலகத்தில் எந்தப் பறவையும் அப்படி வரிசையில் நின்று எண்ணவிடாது, எண்களைத் தாமாகச் சோடிப்பவர்கள்தான் முழு எண்களை விரும்புவார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆறு கிழமைக்குள் மூலப் பதிவுகளைக் காட்ட வேண்டும். நான் 'உள்ளூர் கள உதவியாளர்' என்று குறிப்பிட்ட ஆளின் பெயரும் கையொப்பமிட்ட வாக்குமூலமும் வேண்டும். ஏலாதென்றால் அந்தப் பகுதியை நீக்கிவிடலாமாம். மீதியே பட்டத்துக்குப் போதுமாம்.

கடைசி வரிதான் எனக்கு விசரைக் கிளப்பியது. பட்டம் கிடைக்கும், குடா போய்விடும். உலகத்துக் கரைகளில் எங்கே எத்தனை பறவை என்று காட்டும் வரைபடங்கள் இங்கே சுவர் நிறையத் தொங்குகின்றன. எங்கள் கிழக்குக் கரை அதில் வெள்ளையாகக் கிடக்கிறது. வெள்ளை என்றால் எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் போனது என்று மட்டும்தான் பொருள். ஆனால் சண்டை முடிந்த மறுநாள் ஒருவன் கண்டல் காட்டை வெட்டிக் கரையை நிரப்ப வரைபடத்தோடு வருவான். அவனுக்கு வெள்ளை என்றால் வெறுங்காணி. அவன் முகத்துக்கு நேரே நீட்ட எங்களிடம் இருக்கும் ஒரே கடதாசி அந்த இரண்டு மாரியின் எண்கள்தான். அதைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள்.

2

நான் திருகோணமலை, லிங்கநகர். பெயர் கௌரி. விலங்கியலில் பட்டம் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தபோது கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். சண்டையில் சம்பூர்ச் சனம் எழும்பி ஓடின வருடம். அப்போதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிக்கும் பதிந்திருந்தேன். மலைநாட்டுக் காட்டுப் பறவைகளைச் செய், துறைமுகப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்றார் பேராசிரியர். அவர் சொன்னது நியாயம்தான். தொலைநோக்கியோடு பிடிபட்டால், குருவி பார்த்தேன் என்று சொல்லி முடிக்கமுன் ஆளை வாகனத்தில் ஏற்றிவிடுவார்கள். வரைபடம் கூடாது, கமெரா கூடாது, ஜிபிஎஸ் பற்றிக் கதைக்கவே கூடாது. கடற்படைக் கப்பல் நிற்கிற திசைக்குக் கையை நீட்டுவதுகூடக் கூடாது. இத்தனை கூடாதுகளைக் கேட்டால் எனக்கு வேறு எதையும் செய்யப் பிடிக்காது.

காலையில் பாதையில் ஏறி, ஓரமாக நின்று, வாய்க்குள் எண்ணுவேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற கணித டீச்சர் மெல்லக் கேட்டாள்.

"என்ன மிஸ், ஓதுறீங்களா?"

கொக்கு எண்ணுகிறேன் என்றேன். அவள் பரீதா. என் வயதுதான், பாதைத்துறைக்குப் பக்கத்து வெள்ளைமணல். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அடுத்தநாள் காலை என்னைக் கண்டதும், "உங்கட கணக்குப் பிழை மிஸ். இடப்பக்கம் நீங்க பாக்கவே இல்ல," என்றாள். அன்றிலிருந்து வலப்பக்கத்துத் தம்பலகாமக் குடா எனக்கு, இடப்பக்கத்துக் கொட்டியாரக் குடா அவளுக்கு. பின்னேரம் திரும்பி வரும்போதும் அதே ஒழுங்கு. இரண்டு கிழமையில் மிஸ் கழன்று நீ வந்துவிட்டது.

பாதை ஒரே நேரத்துக்கு வெளிக்கிட்டு ஒரே கோட்டில்தான் போகும். ஆய்வுப் புத்தகங்கள் எல்லாம் அப்படி ஒரு மாறாத கோட்டில் போய் எண்ணச் சொல்கின்றன. எங்களுக்கு அரசாங்கமே அதை ஓட்டிக்காட்டியது. பரீதா முக்காட்டுக்குள் கையை வைத்து விரல் மடிப்புகளில் எண்ணுவாள். தொழுகைக்குப் பிறகு ஓதி எண்ணுகிற அதே முறை. ஒரு மடிப்புக்குப் பத்துப் பறவை. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு டீச்சர் பயத்தில் அல்லாவை நினைக்கிறாள் என்றுதான் தெரியும்.

எழுதுவதுதான் சிக்கல். கரையில் இறங்கினால் சோதனைச் சாவடி, பையைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். பறவைப் பெயரும் எண்ணும் நேரமும் எழுதின கொப்பி அகப்பட்டால், கப்பல் எண்ணினோம் என்று சொல்லப் பெரிய கற்பனை தேவையில்லை. அதற்கும் பரீதாதான் வழி கண்டாள். புள்ளிப் பதிவேடு. டீச்சரின் பையில் புள்ளிப் பதிவேடு இருந்தால் யார் கேட்பான்? எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் பத்தில் சீ வரைக்கும்தான் வகுப்பு. நாங்கள் எஃப் என்று ஒன்று திறந்தோம். உள்ளானுக்கு நஸ்ரின் என்று பெயர், ஓர் இடத்தில் நிற்காது. ஆலா ஜெஸீமா. கொக்கு ஹமீதா, ஒற்றைக்காலில் நின்று யோசிக்கிற பிள்ளை. இப்படிப் பதினொரு பிள்ளைகள். எத்தனை பறவையோ அத்தனை புள்ளி. பள்ளிக்கூட ஓய்வறையில் நான் எண்ணைச் சொல்லுவேன், அவள் அச்சு மாதிரி எழுத்தில் எழுதுவாள். என் எழுத்தை எனக்கே வாசிக்க ஏலாது.

ஒருநாள் சாவடியில் ஒரு ஆமிக்காரன் அதை விரித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். தமிழ் எழுத்துக் கொஞ்சம் தெரிந்தவன். அவன் விரலை ஓர் இடத்தில் வைத்தான்.

"டீச்சர், இந்த நஸ்ரின் நல்ல பிள்ள. எல்லாம் நூறு."

"ஓம் சேர். தகப்பன் இல்லாத பிள்ள," என்றாள் பரீதா, கண் வெட்டாமல். அவன் உண்மையாகவே கவலைப்பட்டுப் பதிவேட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். பஸ்ஸில் ஏறி வெகுதூரம் போனபிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நூறின் கதை இப்போது விளங்கியிருக்கும். உள்ளான் மட்டும் ஐந்நூறுக்கு மேல் சேற்றுத் திட்டில் இறங்குகிற நாட்கள் இருந்தன. ஐந்நூறு புள்ளி எடுக்கிற பிள்ளை உலகத்தில் இல்லை. ஆகவே நூறு.

3

இங்கே நான் எண்ணுகிற விதத்தைக் கேளுங்கள். காலை ஒன்பது மணி. மூன்றுகால் தாங்கியில் பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கி. அதைத் துறைமுகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்கிறேன். முதல் கிழமை, பறவைக்குப் பின்னால் ஒரு கடற்படைக் கப்பல் வந்தது. நான் தொலைநோக்கியை விட்டுவிட்டுப் பாறைக்குப் பின்னால் குந்திவிட்டேன். கப்பலில் நின்ற ஒருவன் கை காட்டினான். எனக்குத்தான் காட்டினான் என்று விளங்கவே நேரம் பிடித்தது. என் மேற்பார்வையாளர் இங்ரிட் ஓடிவந்து, வழுக்கி விழுந்தேனா என்று கேட்டார். ஓம், வழுக்கிவிட்டது என்றேன்.

இங்ரிட்டை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முதல் மூன்று மாதம் அது வாயில் வரவில்லை. 'மிஸ்' என்று சொல்லிப் பார்த்தேன். தான் இரண்டு தரம் கலியாணம் கட்டிப் பிரிந்தாகிவிட்டது என்றார்.

நான் இருப்பது சாந்தி அக்கா வீட்டின் கீழறையில். அவர் ஊரை விட்டு வந்து பதினெட்டு வருடம். மகள் அபிக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் அது நோர்வே மொழியில் பதில் சொல்லும். என் நோர்வே மொழியைக் கேட்டால் தமிழில் சொல்லச் சொல்லும், அதுதான் தனக்குக் கொஞ்சமாவது விளங்குமாம். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைப்பார்.

அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அந்தப் பகுதியை வெட்டு, பட்டத்தை எடு, வேலையைத் தேடு, விசாவை நீட்டு என்று வரிசையாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

"அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு. நீ இங்க இருந்து குருவிக்குச் சண்டை பிடிக்கிறாய். வெக்கமா இல்லையே உனக்கு?"

இந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்ததுதான். அதனால் பதில் ஆயத்தமாக இருந்தது.

"சனத்தை எண்ணத்தான் ஒருத்தரும் விடுகினமில்லை அக்கா. எண்ணினதையாவது நான் ஏன் அழிக்க வேணும்?"

அக்கா என் கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றிவிட்டு மேலே போய்விட்டார்.

4

இங்ரிட்டிடம் புள்ளிப் பதிவேட்டின் கதையைச் சொன்னேன். ஆமிக்காரன் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்தினார். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு ஆய்வாளர் ஆகிவிட்டார். கதையை நம்புகிறாராம். ஆனால் கதை தரவு ஆகாதாம். நூறு என்று எழுதின நாளில் அங்கே நின்றது நூற்றிருபதா ஐந்நூறா என்று எனக்கே சொல்ல ஏலாதென்றால், இந்தக் குடா முக்கியமானது என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்டார்.

அடுத்தது, பதிவேடு எங்கே? கிண்ணியாவில், பள்ளிக்கூட அலுமாரியில், மற்றப் பதிவேடுகளுக்கு நடுவில். அதை வெளியே அனுப்புவது புத்தியில்லை என்பதால், விசா வந்து அவசரமாக வெளிக்கிட்ட கிழமை நான் எண்களை மட்டும் ஒரு சின்னக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு வந்தேன். சரி, உதவியாளரின் பெயர்? அதைச் சொல்லமாட்டேன் என்றேன். துறைமுகத்துக்குள் இரண்டு வருடம் எண்ணினாள் என்று ஒரு பெண்ணின் பெயரை அச்சடித்து இணையத்தில் போட்டுவிட்டு நீங்கள் இங்கே கோப்பி குடிப்பீர்கள், அவள் அங்கே அதே சாவடியால் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறைக் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

இங்ரிட் கோபப்படவில்லை. பெயரில்லாத ஒருவர் எண்ணியதற்குத் தான் கையொப்பம் வைக்க முடியாது, வைத்தாலும் குழு ஏற்காது என்றார். சரி, நான் குழுவுக்கே எழுதுகிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நல்ல சூடான நாலு பக்கம். அனுப்பமுன் பரீதாவுக்கு ஒரு தரம் போன் அடித்து, உன் பெயரை வெளியே விடவேமாட்டேன் என்று சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். கொஞ்சம் பந்தாவும் இருந்தது, மறைக்கவில்லை.

5

தொலைபேசியில் நாங்கள் பறவை என்ற சொல்லையே எடுப்பதில்லை. யார் காதில் விழும் என்று தெரியாது. ஆகவே, மேலிடத்தில் எஃப் வகுப்புப் புள்ளியைப் பற்றிக் கேட்கிறார்கள், நஸ்ரின் எப்படி எப்பவும் நூறு எடுத்தாள் என்று நம்புகிறார்கள் இல்லை, புள்ளி போட்ட டீச்சரின் கையொப்பமும் கேட்கிறார்கள் என்றேன்.

"நூறு மட்டுமா எழுதிக் குடுத்த?" என்றாள்.

"வேற என்ன?"

"குறிப்பு?"

பதிவேட்டில் புள்ளிக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு நிரல் இருக்கும். பரீதா அதில் நன்று, மிக நன்று என்று எழுதிக்கொண்டே இருப்பாள். ஆமிக்காரனுக்குக் காட்ட வேடம் கட்டுகிறாள், இவ்வளவு அலங்காரம் தேவையா என்று நான் நக்கலடித்திருக்கிறேன். பார்த்தெழுதும்போது அந்த நிரலைத் தொடவேயில்லை.

"கௌரி. நூறுக்கு மேல எவ்வளவு எண்டு ஒவ்வொரு நாளும் உன்னட்டக் கேட்டனே. சும்மா கதைக்கக் கேட்டன் எண்டா நினைச்ச? நன்று எண்டா ரெண்டு நூறு. மிக நன்று எண்டா மூண்டு. திறமை எண்டா அஞ்சு. பாராட்டுக்குரியது எண்டா அதுக்கும் மேல."

அவள் கேட்பாள், நான் "ஒரு முந்நூறு வரும்" என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லுவேன். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு வருடம் அவள் ஒன்றையும் தவறவிடாமல் எழுதியிருக்கிறாள். நான் ஒரு பின்னேரம் கெதியாக எழுதி முடிக்கிற அவசரத்தில் பாதியைக் கொட்டிவிட்டு, வந்து நோர்வேக்காரரோடு நாலு பக்கத்துக்குச் சண்டை பிடிக்கிறேன். குழுவுக்கு என் எண்கள் பிழையாகத் தெரிந்ததில் ஒரு பிழையும் இல்லை. அந்த நாலு பக்கத்தையும் அழித்தேன்.

பரீதா பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில், தொலைபேசியில் வாசித்தாள். நான் எழுதினேன். ஒட்டுக்கேட்டவன் யாராவது இருந்திருந்தால் அவனுக்குப் பாவம், பதினொரு பிள்ளைகளின் புள்ளியையும் குறிப்பையும் தேதி தேதியாகக் கேட்டிருப்பான். சாந்தி அக்கா தொலைபேசி அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். நடுவில் ஒரு கிழமை முழுக்க 'வரவில்லை' என்று வந்தது. எல்லாப் பிள்ளைக்கும். நான் அதைக் கொப்பியில் சைபர் என்று எழுதிவைத்திருந்தேன்.

"அது சைபர் இல்ல," என்றாள். "அந்தக் கிழமை பாதை ஓடல்ல. பிள்ளைகள் வந்திருப்பாங்க. டீச்சர்மார்தான் போகல்ல."

அதையும் திருத்தினேன்.

6

மூன்றாவது ஞாயிறு கடைசிப் பக்கம் முடிந்தது. அப்போதுதான் சொன்னேன். இதோடு எண்கள் சரி, உன்னை ஒருத்தருக்கும் தெரியவராது, 'உள்ளூர் கள உதவியாளர்' என்று மட்டும்தான் போட்டிருக்கிறேன், அதற்காக அவர்கள் பகுதியை வெட்டினாலும் வெட்டட்டும், நான் பெயரைக் கொடுக்கமாட்டேன் என்று. அவள் சந்தோசப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"உதவியாளரா?"

"பாதுகாப்புக்குத்தான் பரீதா."

"ஆருக்கு உதவினன்? இடப்பக்கம் முழுக்க நான். நீ தூங்கி விழுந்த நாளில வலப்பக்கமும் நான். எழுதினதும் நான். என்ர பேர் எங்க?"

துறைமுகம், சாவடி, ஆளைக் கடத்துகிற வெள்ளை வான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளுக்குத் தெரியாததை இங்கே சூடான அறையில் இருந்துகொண்டு அவளுக்கு விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, பிள்ளை, புள்ளி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தத் தொலைபேசியில் முதல்தரமாக நேராகக் கதைத்தாள்.

"இங்க பேர் இல்லாத ஆக்கள்தான் காணாமப் போறாங்க. போனாலும் ஆரும் கேக்கிறல்ல. பேர் எங்கயாவது எழுதிக் கிடந்தா ஒரு ஆளாவது கேக்கும், எங்க அந்தப் புள்ள எண்டு. நான் யோசிச்சுத்தான் சொல்றன். நீ எனக்காகப் பயப்படு, அது வேற. எனக்காக முடிவெடுக்காத."

வாப்பாவிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். வாப்பாவிடமும் சொன்னேன், உம்மாவிடமும் சொன்னேன், வாப்பா ஒருநாள் சாப்பிடவில்லை, இரண்டாம் நாள் கையொப்பத்துக்கு நல்ல பேனை எடுத்துத் தந்தார் என்றாள். வாக்குமூலம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டதாம். கொழும்புக்குப் போகிற ஓர் ஆளிடம் கொடுத்து அங்கிருந்து அனுப்புவாளாம். நான் வாயைத் திறக்கமுன் லைன் அறுந்துவிட்டது. அல்லது அவள் வைத்துவிட்டாள்.

தபால் பத்து நாளில் வந்தது. ஒரே ஒரு பக்கம், அதே அச்சு எழுத்து. எங்கே நின்றாள், எந்தப் பக்கம் பார்த்தாள், எப்படி விரலில் எண்ணினாள், நூறுக்கு மேல் எப்படிக் குறித்தாள். தன்னைப் பற்றி ஒரு வரி. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சரிதான்.

இங்ரிட்டிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். இருந்து திரும்பவும் வாசித்தார். திருத்தின எண்களைக் கேட்டார், வரைபைப் புதிதாகப் போட்டார். நூறில் முட்டிக்கொண்டு நின்ற சுவர் போய்விட்டது. உள்ளான் ஒருநாள் இருநூறு, ஒருநாள் நாற்பது, ஒருநாள் ஐந்நூறுக்கும் மேல் என்று தாறுமாறாக ஏறி இறங்கியது. இப்போதுதான் இது பறவை மாதிரி இருக்கிறது என்றார்.

ஆய்வை ஒருவர் பெயரில்தான் கொடுக்கலாம் என்பது இங்கத்தைய விதி. அதை மாற்ற முடியவில்லை, முயன்று பார்த்தேன். ஆனால் எண்களைத் தனியாகப் பதிகிற படிவம் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் புள்ளி வைப்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அதில் 'கள உதவியாளர்' என்று அச்சடித்த பெட்டியை வெறுமையாக விட்டேன். 'அவதானிப்பாளர்' என்ற பெட்டியில் பரீதாவின் முழுப் பெயரை முதலில் எழுதினேன், அவளுடைய வாப்பாவின் பெயரோடு. அடுத்தது தொழில், கணித ஆசிரியை. அடுத்தது ஊர், வெள்ளைமணல், திருகோணமலை. என் பெயர் இரண்டாவதாக. குழு ஏற்குமா என்று அடுத்த மாதம் தெரியும். ஏற்காவிட்டால் திரும்ப எழுதுவேன், அதே வரிசையில்.

இந்தக் குறிப்பை உங்களுக்கு அனுப்பமுன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆமிக்காரன் கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேனாம், அவன் ஒரு கையால்தான் திருப்பித் தந்தானாம். மற்றதெல்லாம் சரியாம். இதிலிருந்து உன் பெயரை எடுத்துவிடவா என்று கடைசித் தரமாகக் கேட்டேன். அவளுக்குப் பாதைக்கு நேரமாகிவிட்டது.

"எடுக்காத," என்றாள். "எழுத்துப்பிழை இல்லாமப் போடு."